பீத்துணியை யார் அலசுவது?



தலைப்பைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் கொஞ்சம் பொறுங்கள். கோபம் வந்தால் நம் வீட்டு அம்மாக்கள் சொல்வதுதான் அது: "உனக்குப் பீத்துணி மூத்திரத்துணி அலசி வளர்த்தேனே!" அதை நான் நாசூக்காக மாற்றி எழுதினால் சொல்ல வந்த விஷயத்தில் பாதி போய்விடும்.

பதிவு நீளம்தான். நாற்பது நிமிட வகுப்பில் உட்கார்ந்து பழகியவர்கள் நீங்கள். கால் மணி நேரம் எனக்குத் தர மாட்டீர்களா?

நம் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் போன மாதம் ஒரு பட்டியல் வந்தது. பிரசவத்துக்குப் போகிற பெண் பையில் என்னென்ன எடுத்து வைக்க வேண்டும் என்று. டயபர் மூன்று பாக்கெட், ஈரத்துடைப்பான் நான்கு பாக்கெட். துணி என்ற சொல்லே அதில் இல்லை. "பழைய வேட்டியில் இருபது துணி நான் தைத்துத் தருகிறேன்" என்று எழுதினேன். மூன்று விதமாகப் பதில் வந்தது.

"இந்தக் காலத்துல யாரு அத்தை துணி கட்டுறா?" என்றாள் ஒருத்தி.

"நீங்க பென்ஷன் வாங்குறவங்க, உங்களுக்கு நேரம் இருக்கு" என்றாள் இன்னொருத்தி.

மூன்றாவது, என்னைவிட மூத்த ஒரு மாமா: "அப்படிச் சொல்லும்மா. அந்தக் காலத்துப் பொம்பளைங்க துணிதானே கட்டினாங்க. இப்ப உள்ளதுகளுக்குச் சோம்பேறித்தனம்."

முதல் இரண்டு பேருக்கும் பதில் இருக்கிறது, வருகிறேன். ஆனால் என் சண்டை முதலில் எனக்கு ஆதரவாகப் பேசிய அந்த மாமாவோடுதான். அவர் தன் பிள்ளைகள் ஒன்றின் துணியைக்கூட அலசியவர் இல்லை. அலசாத கைக்குத் துணியின் பெருமை பேச உரிமை கிடையாது.

அந்தக் காலம், அந்தக் காலம் என்கிறோமே, அந்தக் காலத்தில் யார் அலசினார்கள்? பல ஊர்களில் பிள்ளை பெற்ற வீட்டுத் துணியைத் தீட்டுத் துணி என்று மூட்டை கட்டி, வண்ணார் வீட்டுப் பெண் தலையில் ஏற்றினோம். அவளுக்குக் கூலி என்று கொடுத்தது பழைய சோறும் வருஷத்துக்குக் கொஞ்சம் தானியமும். அவளைத் திண்ணையைத் தாண்டி உள்ளே விடவில்லை. அது ஓய்ந்த பிறகு வேலை யாரிடம் வந்தது? தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்புவோம். பச்சை உடம்புக்காரி தண்ணீரில் கை வைக்கக் கூடாது என்போம். சரி. அப்போது அலசியது அவளுடைய அம்மா. முட்டி வலியோடு, கிணற்றடியில் குந்தி. மாப்பிள்ளை வீட்டார் பலகாரத் தட்டோடு வந்து பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

இப்போது டயபர் வந்துவிட்டது. யாரும் அலச வேண்டாம் என்று நினைக்கிறோம். அங்கேதான் நாம் நம்மை ஏமாற்றிக்கொள்கிறோம்.

டயபருக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். மேலே பாலிப்ரோப்பிலீன் என்ற மெல்லிய நெய்யாத துணி. நடுவே மரக்கூழ்ப் பஞ்சு. அதோடு சோடியம் பாலிஅக்ரிலேட் என்ற தூள். 1980களில் டயபருக்குள் வந்தது. தன் எடையைப்போலப் பல மடங்கு ஈரத்தை இழுத்து ஜெல்லியாக்கி வைத்துக்கொள்ளும். வெளியே பாலிதீன் படலம். பக்கத்தில் ரப்பர் இழை, ஒட்டுப் பட்டை, பசை. பயன்படுத்திய டயபர் ஒன்றைப் பிரித்து இவற்றைத் தனித்தனியாக்க எந்த வீட்டிலும் முடியாது. உரக்குழிக்கும் ஆகாது, பழைய பிளாஸ்டிக் வாங்குகிறவரும் எடுக்க மாட்டார். மொத்தமாக மண்ணுக்குப் போகும், இல்லையென்றால் நெருப்புக்குப் போகும். சென்னையில் கொடுங்கையூர், பெருங்குடி, கோவையில் வெள்ளலூர் என்று குப்பை மலைகளின் பெயர் உங்களுக்குத் தெரியும். அவை தீப்பிடித்த செய்திகளையும் படித்திருப்பீர்கள்.

அங்கே போய்ச் சேருவதற்கு முன் அது ஒரு கை வழியாகப் போகிறது. காலையில் வண்டி தள்ளிக்கொண்டு வரும் தூய்மைப் பணியாளரின் கை. 2016-இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள், பயன்படுத்திய டயபரையும் நாப்கினையும் நன்றாகச் சுற்றித் தர வேண்டும் என்றன. சுற்றிப் போட உறை தர வேண்டியது தயாரிக்கிற கம்பெனியின் பொறுப்பு என்றன. நம் தெருவில் எத்தனை வீட்டில் அப்படித் தருகிறோம்? காய்கறித் தோலோடு சேர்த்துக் கேரி பேக்கில் முடிச்சுப் போட்டு வைக்கிறோம். அந்த முடிச்சை அவர் அவிழ்க்கிறார், பிரிக்கிறார். பல ஊரில் வெறுங்கையால்.

மனிதக் கழிவை மனிதர் கையால் அள்ளுவதைத் தடுக்க 2013-இல் ஒரு சட்டம் வந்தது. அது பேசுவது கழிவறையையும் சாக்கடையையும் குழியையும் பற்றி. டயபரைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் டயபருக்குள் இருப்பது என்ன, பன்னீரா? நாம் பெற்ற பிள்ளையின் மலத்தைத் தொட நமக்கே அருவருப்பாக இருக்கிறது. யார் பெற்ற பிள்ளையோ என்று அதை ஒருவர் தொட வேண்டியிருக்கிறது. அவர் யார் வீட்டுப் பிள்ளை, எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்பதும் நமக்குத் தெரியும். தெரிந்தே பேசாமல் இருக்கிறோம்.

ஆகவே பிள்ளைகளே, கணக்கு இதுதான். அழுக்கு எங்கேயும் மாயமாக மறைவதில்லை. முன்பு வண்ணார் வீட்டுப் பெண் அலசினாள். பிறகு அம்மாவும் பாட்டியும் அலசினார்கள். இன்று தூய்மைப் பணியாளர் பிரிக்கிறார். இந்த மூன்று வரியிலும் ஒரே ஒரு ஆள் வரவேயில்லை. பிள்ளையின் அப்பா. நான் துணிக்குத் திரும்புங்கள் என்று சொல்வது அந்த ஆளையும் சேர்த்துத்தான். அவர் வரவில்லை என்றால் என் பேச்சில் எனக்கே மரியாதை இல்லை.

இனி காசுக் கணக்கு. ஐந்தாம் வகுப்புப் பெருக்கல்தான். டயபர் ஒன்று பத்து ரூபாய் என்று வையுங்கள். நாளைக்கு ஆறு என்றால் 60 ரூபாய். மாதம் 1,800. இரண்டு வருடத்துக்கு, 730 நாளுக்கு, 43,800 ரூபாய். எண்ணிக்கையில் 4,380 டயபர். மாதம் லட்சம் சம்பாதிக்கிறவருக்கு இது ஒன்றும் இல்லை. ஆனால் என்னிடம் படித்தவர்களில் பஞ்சாலையில் ஷிப்டு போகிறவர்கள் இருக்கிறார்கள், கொத்தனாருக்குச் சித்தாள் வேலை பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டிலும் டயபர்தான். ஏன்? துணி கட்டினால் ஏழை என்று பார்ப்பார்களாம். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரி பார்ப்பாளாம், மாமியார் வீட்டு விசேஷத்தில் பார்ப்பார்களாம். காசு மிச்சப்படுத்த, ஆறு மாற்ற வேண்டிய இடத்தில் இரண்டு மாற்றிவிட்டுக் கனத்துத் தொங்கும் டயபரோடு பிள்ளையை விட்டுவைக்கிறார்கள். வெட்கத்துக்காகக் காசையும் செலவழித்து, பிள்ளையின் தோலையும் புண்ணாக்குகிறோம். இதைத்தான் நான் பொறுக்க மாட்டேன்.

இன்னொரு பக்கம், "இயற்கை வழித் துணி டயபர்" என்று அழகான படம் போட்டு ஒன்று சில நூறு ரூபாய்க்கு விற்கிறார்கள். வாங்க வசதி இருந்தால் வாங்குங்கள், குற்றமில்லை. ஆனால் அதைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே பருத்தித் துணி நான்கு மடிப்பு, மேலே ஈரம் கசியாத உறை ஒன்று, இரண்டு ரப்பர் பட்டி. இதில் உங்கள் பீரோவில் இல்லாதது அந்த உறைத் துணி மட்டும்தான்.

தைப்பது எப்படி என்று சொல்கிறேன். நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில் துணி. முழுப் பருத்தியாக இருக்க வேண்டும். அப்பாவின் பழைய வேட்டி, தாத்தாவின் ஈரிழைத் துண்டு, அம்மாவின் சின்னாளப்பட்டிச் சுங்குடி, நைந்த லுங்கி, உள்பாவாடை, வெளுத்த பனியன், டி-ஷர்ட் எல்லாம் ஆகும். பருத்திதானா என்று சந்தேகம் இருந்தால் ஓர் இழையை உருவி இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். காகிதம் எரிவது போல் எரிந்து மெல்லிய சாம்பலானால் பருத்தி. உருகிக் கெட்டியான மணியாக நின்றால் பாலியஸ்டர் கலந்தது. அது ஈரம் குடிக்காது, ஒதுக்கிவிடுங்கள். ஜரிகைக் கரையை வெட்டி எடுத்துவிடுங்கள், குத்தும்.

பிறந்த பிள்ளைக்கு முதலில் பழைய துணிதான் என்று பெரியவர்கள் வைத்திருப்பதில் அர்த்தம் இருக்கிறது. புதுத் துணியில் கஞ்சியும் பஞ்சின் இயல்பான மெழுகும் இருக்கும், நாலைந்து சலவை கண்டால்தான் நன்றாக ஈரம் இழுக்கும். பழைய வேட்டி அந்தச் சலவைகளை எல்லாம் முன்பே பார்த்துவிட்டது. யார் கொடுத்த துணியானாலும் வெட்டும் முன் ஒரு முறை கொதிநீரில் போட்டு, துவைத்து, வெயிலில் காயவையுங்கள்.

வெட்டுவது. எட்டு முழ வேட்டியில் கரையையும் கிழிசலையும் ஒதுக்கியது போக, 24 அங்குலச் சதுரம் பத்து எடுக்கலாம். பிறந்த பிள்ளைக்கு அது போதும். ஆறு மாதத்துக்கு மேல் 28 அங்குலம் வைத்துக்கொள்ளுங்கள். ஓரத்தைக் கால் அங்குலம் இரண்டு முறை மடித்து ஒரே ஓட்டாகத் தைத்துவிடுங்கள். மிஷின் இல்லையென்றால் கையால் ஓட்டுத் தையல் போடலாம். உறுத்தும்படி தடித்த விளிம்பு வேண்டாம். பிறகு மூலைக்கு மூலை மடித்தால் முக்கோணம் வரும். நீளமான பக்கம் பிள்ளையின் இடுப்புக்குக் கீழே. நடு மூலையைக் காலிடுக்கு வழியாக மேலே கொண்டுவந்து, பக்கத்து இரண்டு மூலைகளையும் அதன்மேல் சுற்றிக் கட்டுங்கள். அந்த இரண்டு மூலையிலும் பருத்தி நாடா தைத்துவிட்டால் ஊக்கு தேவையில்லை. பொத்தான் வேண்டாம், பிய்ந்தால் பிள்ளை வாய்க்குப் போகும்.

நடுவே வைக்கும் பட்டை. பழைய பனியன் துணியில் 12 அங்குலச் சதுரம் வெட்டி மூன்றாக மடித்தால் 4 அங்குல அகலத்தில் பட்டை ஆகும். பனியன் துணிக்கு ஓரம் தைக்க வேண்டாம், நூல் பிரியாது. திருப்பூர்ப் பக்கம் இருப்பவர்களுக்குக் கட்பீஸ் கிடைப்பதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. இரவில் இரண்டு பட்டை வையுங்கள். முக்கியமான விஷயம்: மடிப்புகளைச் சேர்த்துத் தைத்துவிடாதீர்கள். தைத்த ஆறு மடிப்பு சீக்கிரம் காயாது, உள்ளே ஈரம் நின்று நாறும். பிரித்து உதறினால் ஒற்றைத் துணியாக நிற்க வேண்டும். அலசவும் சுலபம், காயவும் சுலபம். விலைக்கு விற்கிற தடித்த பட்டையைவிட நம் பாட்டிகளின் ஒற்றைத் துணி உயர்ந்தது என்று நான் சொல்வது இந்த ஒரு காரணத்துக்காகத்தான்.

மேல் உறை. வீட்டில் இருக்கும்போது, அதுவும் கோடையில், உறையே வேண்டாம். நனைந்தவுடன் தெரியட்டும், மாற்றுங்கள். படுக்கையில் ரப்பர் ஷீட் போட்டு, மேலே ஒரு பருத்தித் துணி விரியுங்கள். வெளியே போகவும் இரவுக்கும் மூன்று நான்கு உறை இருந்தால் போதும். பாலியூரித்தேன் படலம் ஒட்டிய பி.யு.எல். துணி மீட்டர் கணக்கில் ஆன்லைனில் கிடைக்கிறது. சரியான அளவில் ஒரு டயபரைக் காகிதத்தில் விரித்து வைத்து, சுற்றி அரை அங்குலம் கூட விட்டு வரைந்தால் அதுவே மாதிரி. பளபளப்புப் பக்கம் உள்ளே வர வேண்டும். குண்டூசி குத்தி வைக்காதீர்கள், ஓட்டை வழியே கசியும். கிளிப் போட்டுத் தையுங்கள். தொடைப் பட்டியில் உங்கள் விரல் ஒன்று தாராளமாக நுழைய வேண்டும். அதுவும் வாங்க முடியாவிட்டால் பழைய ஃப்ளீஸ் போர்வையில் வெட்டித் தையுங்கள். ஃப்ளீஸ் தண்ணீரைச் சட்டென்று குடிக்காது, ஓரமும் பிரியாது.

இந்த மேல் உறையின் கதையும் ஒரு தாயின் தையல் மிஷினில்தான் தொடங்குகிறது. அமெரிக்காவில் மேரியன் டோனவன் என்ற பெண், பிள்ளையின் துணி நனைந்து படுக்கையும் நனைகிறதே என்று அலுத்து, 1946-இல் குளியலறைத் திரையை வெட்டித் தைத்துப் பார்த்தார். பிறகு பாராசூட் நைலானில் தைத்தார். ஊக்குக்குப் பதில் அழுத்துப் பொத்தான் வைத்தார். 1949-இல் அது நியூயார்க்கில் பெரிய கடையில் விற்பனைக்கு வந்தது. 1951-இல் காப்புரிமையும் கிடைத்தது. வீட்டில் உட்கார்ந்து துணி தைக்கிற பெண் பிற்போக்கு என்று நினைக்கிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

இனி, உங்கள் கேள்விகள்.

"அலச நேரம் எங்கே டீச்சர்?" நியாயமான கேள்வி. ஒரு நாளைக்குப் பதினைந்து இருபது துணி விழும். மலம் பட்டதை முதலில் கழிவறையில் உதறி, பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். வெந்நீர் கூடாது. வெந்நீரில் முட்டை கட்டிப்படுவது போல மலத்தில் உள்ள புரதம் துணியில் கட்டிப்பட்டுக் கறையாக நிற்கும். பிறகு எல்லாவற்றையும் சேர்த்து சோப்புத் தூள் போட்டுத் துவையுங்கள், மிஷின் இருந்தால் மிஷினில். இரண்டு முறை அலசுங்கள், சோப்பு தங்கினால் எரியும். வாசனைத் திரவம் எதுவும் ஊற்ற வேண்டாம். அது துணியில் படிந்து ஈரம் குடிப்பதைக் குறைக்கும். ஒரு நாளுக்கு மேல் நனைந்த துணியைக் குவித்து வைக்காதீர்கள்; மூத்திரத்தில் இருக்கும் யூரியாவைக் கிருமிகள் அம்மோனியாவாக மாற்றும், அந்த நாற்றம்தான் மூக்கில் ஏறுகிறது. எல்லாம் சேர்த்து முக்கால் மணி நேர வேலை. வீட்டில் இருக்கும் பெரியவர்கள் ஆளுக்கு ஒரு நாள் எடுத்தால் யாருக்கும் பாரமில்லை. ஒருத்தி மட்டும் செய்தால்தான் அது தண்டனை.

"இரண்டாலும் சுற்றுச்சூழலுக்குக் கேடு ஒன்றுதானாமே?" என்று படித்த பிள்ளைகள் கேட்கிறார்கள். பாதி உண்மை. இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2008-இல் வெளியிட்ட ஆய்வில், சராசரியாகப் பார்த்தால் இரண்டுக்கும் கரியமில வாயுக் கணக்கு கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் வந்தது. காரணம், அங்கே வெந்நீரில் துவைத்து மின்சார உலர்த்தியில் காயவைப்பதும் கணக்கில் சேர்கிறது. அதே ஆய்வு, கொடியில் காயவைத்து, மிஷின் நிறையத் துணி போட்டுத் துவைத்து, இரண்டாவது பிள்ளைக்கும் அதே துணியைப் பயன்படுத்தினால் சுமார் 40 சதவீதம் குறையும் என்றும் சொன்னது. நமக்கு ஆண்டவன் கொடுத்த வெயில் மொட்டை மாடியில் வீணாகிறது. அதுவும் நாம் தைப்பது ஏற்கெனவே வாழ்ந்து முடித்த துணியில்.

"மழைக்காலத்தில்?" ஐப்பசி கார்த்திகையில் கஷ்டம்தான், மறுக்கவில்லை. இருபதுக்குப் பதில் முப்பத்தைந்து துணி வைத்துக்கொள்ளுங்கள். மின்விசிறிக்குக் கீழே கொடி கட்டுங்கள், அரை ஈரத்தில் இஸ்திரி போடுங்கள். அதற்கும் மீறினால் அந்த வாரம் டயபர் போடுங்கள். தண்ணீரைக் குடம் கணக்கில் விலைக்கு வாங்கும் தெருவில் இருப்பவர்களுக்கும் இதே பதில்தான். என் பேச்சுக்காக யாரும் குடிக்கிற தண்ணீரில் துணி அலச வேண்டாம்.

"டயபரால் கால் வளையும், புற்றுநோய் வரும் என்கிறார்களே?" இதை அனுப்புகிறவர்கள் என் பக்கம் நிற்க வேண்டாம். டயபரால் கால் வளையாது. டயபர் போட்டால் புண் வரும், துணிக்கு வராது என்பதும் பொய். புண் வருவது ஈரத்தாலும் உரசலாலும் மலம் தோலில் தங்குவதாலும். நனைந்த துணியை மாற்றாமல் விட்டாலும் வரும். நல்ல விஷயத்துக்குப் பொய்ச்சாட்சி தேவையில்லை. துணியின் உண்மையான நன்மை, நனைந்தவுடன் தெரிந்துவிடும், மாற்றாமல் இருக்க முடியாது. பால் போதுகிறதா என்று பார்க்க, பிறந்த முதல் வாரம் கழிந்த பிள்ளை நாளைக்கு ஆறு முறையாவது ஒன்றுக்குப் போகிறதா என்று நர்ஸம்மா கேட்பார். துணி கட்டுகிற வீட்டில் அந்தக் கணக்கு கொடியிலேயே தொங்கும்.

டயபரே தொடக்கூடாது என்று நான் சொல்லவில்லை. பஸ்ஸில் ஆறு மணி நேரம் போகிற பெண், பிள்ளையை ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிற பெண், துணைக்கு ஆளில்லாமல் தனியாக வளர்க்கிற பெண், மறுநாள் வேலைக்குப் போக இரவு நான்கு மணி நேரம் தூங்கியே ஆக வேண்டிய பெண், இவர்களில் ஒருத்தியைக்கூட யாரும் என் பதிவைக் காட்டித் திட்டக் கூடாது. மாமியார்கள் இதை மருமகளுக்கு அனுப்பி வைக்காதீர்கள். மகனுக்கு அனுப்புங்கள். போடுகிற டயபரில் இருப்பதைக் கழிவறையில் தட்டிவிட்டு, காகிதத்தில் சுற்றி, மேலே சிவப்பு மையால் ஒரு குறி போட்டுத் தனியாகத் தருவது குறைந்தபட்ச மனிதத்தன்மை. பகலில் வீட்டில் துணி, வெளியிலும் சில இரவிலும் டயபர் என்றாலே 4,380 பாதிக்கும் கீழே இறங்கிவிடும்.

அப்பாக்களுக்கு ஒரு வார்த்தை. என் வகுப்பில் தையல் பாடம் வந்தபோது பையன்களையும் ஊசியில் நூல் கோக்கச் சொன்னேன். "இது பொட்டப்புள்ள வேலை டீச்சர்" என்று எழுந்து நின்று சொன்னவர்கள் இன்று பல்லில்லாப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு படம் போடுகிறீர்கள். பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் படத்துக்குப் பிள்ளையைத் தூக்குவதும் பிள்ளை வளர்ப்பதும் ஒன்றில்லை. விடிகாலை ஐந்து மணிக்கு வாளியை எடுத்துக்கொண்டு போய் நேற்றைய துணியை அலசிக் கொடியில் போட்டுவிட்டு வேலைக்குப் போங்கள். அக்கம்பக்கத்தார் பார்ப்பார்களா? பார்க்கட்டும். நாலு பேர் பார்த்தால்தான் ஐந்தாவது ஆள் செய்வான். உங்கள் மகன் வளர்ந்த பிறகு "பீத்துணி அலசி வளர்த்தேனே" என்று சொல்லும் உரிமை உங்களுக்கும் கிடைக்கட்டுமே.

கடைசியாக என் கோரிக்கை. நம் வீடுகளில் இனி வளைகாப்பு வந்தால், எவர்சில்வர் பாத்திரமும் பிளாஸ்டிக் பொம்மையும் வாங்கும் முன் பீரோவைத் திறந்து பாருங்கள். வீட்டுக்கு நான்கு சதுரம், துவைத்து, தைத்து, மடித்துக் கொண்டுவாருங்கள். பத்து வீடு வந்தால் நாற்பது துணி. அந்தப் பிள்ளை உடுத்தும் முதல் துணியில் பத்து வீட்டு வேட்டியும் சேலையும் இருக்கும். கொண்டுவருகிற ஆண்கள், தாங்களே தைத்ததென்றால் பெயர் எழுதிக் கொண்டுவாருங்கள், எல்லார் முன்னாலும் நானே வாசிக்கிறேன்.

தைக்கத் தெரியாது என்பவர்கள் ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் என் வீட்டுக்கு வரலாம். மிதி மிஷின் எண்ணெய் போட்டுத் தயாராக இருக்கிறது. துணி நீங்கள் கொண்டுவாருங்கள், நூலும் காபியும் என் பொறுப்பு. வாதம் செய்ய வருகிறவர்களும் வரலாம். ஆனால் அவர்கள் வரும்போது ஒரு வாரம் அலசிவிட்டு வர வேண்டும்.

உங்கள் டீச்சர்.